கோர்க் பாலி-800: எட்டுக் குரலுக்கு ஒரே ஃபில்டர்

பழைய அனலாக் சிந்தசைசர் (மின்சுற்றால் ஒலியை உண்டாக்கும் விசைக்கருவி) ஒன்று வேண்டும் என்று கோலாலம்பூரில் விசாரிக்கத் தொடங்கினால் முதலில் வந்து விழும் பெயர் ரோலண்டு ஜூனோ-106. அதன் இன்றைய விலையைக் கேட்டதும் பாதிப் பேர் ஆசையைத் தள்ளிப்போட்டுவிடுகிறார்கள். அப்படித் தள்ளிப்போட்டவர்களுக்காகத்தான் இந்த மதிப்புரை. அதே காலத்தில் வந்து, இன்றும் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிற கோர்க் பாலி-800 நம்மூருக்கு ஏற்ற கருவி. ஆனால் அதன் ஒரே பெரிய குறையைத் தெரிந்துகொண்டு வாங்குபவருக்குத்தான் அது உதவும். தெரியாமல் வாங்கினால் ஒரு மாதத்தில் விற்கத் தோன்றும்.

1983இல் வெளிவந்தபோது இதன் அமெரிக்க விலை 795 டாலர். ஒலிகளை நினைவில் வைத்துக்கொள்ளும், ஒரே நேரத்தில் பல சுரம் ஒலிக்கும் பாலிஃபோனிக் சிந்தசைசர் ஒன்று ஆயிரம் டாலருக்குக் கீழே இறங்கியது அதுவே முதல்முறை. முழு அளவில் 49 விசைகள், 64 ஒலி நினைவிடங்கள், ஒலியை அகலமாக்கும் ஸ்டீரியோ கோரஸ், சுரவரிசையைப் பதிந்து தானே வாசிக்கும் 256 படிகள் கொண்ட சிறிய சீக்வென்சர், மற்றக் கருவிகளோடும் கணினியோடும் இணைக்கும் மிடி என எல்லாம் இதில் உண்டு. மெதுவாகத் தொட்டாலும் அழுத்தித் தொட்டாலும் ஒரே ஒலி அளவுதான் வரும், வெலாசிட்டி கிடையாது. சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கும் போர்ட்டமென்ட்டோவும் சதுர அலையின் பல்ஸ் அகலத்தை அசைக்கும் வசதியும் இல்லை. திருகுவதற்குக் குமிழ்கள்கூடப் பெரிதாக இல்லை. எண்ணைத் தட்டி, மேலே கீழே பொத்தானால் அளவை மாற்ற வேண்டும். அந்த எண்களின் பட்டியல் முழுவதும் மேல் பலகையிலேயே அச்சிடப்பட்டிருப்பதால் கையேடு தேடி அலைய வேண்டியதில்லை.

விலை இவ்வளவு குறைந்ததற்குக் காரணம் உள்ளமைப்பில் இருக்கிறது. ஓகி நிறுவனத்தின் எம்எஸ்எம்5232 என்ற ஒரே சில்லு எட்டுக் குரலுக்கும், அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய எட்டுச் சுரங்களுக்கும், சுருதியை உண்டாக்குகிறது. அந்தக் கால ஆர்கேட் விளையாட்டுப் பெட்டிகளிலும் இருந்த சில்லுதான் இது. ஒரு கடிகாரத் துடிப்பை வகுத்து வகுத்துச் சதுர அலைகளை எடுக்கிறது. அதனால் சுருதி எளிதில் நகராது. மதிய வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வைத்தாலும் சரி, குளிரூட்டிய மண்டபத்தில் வைத்தாலும் சரி, தம்புராவோடும் ஹார்மோனியத்தோடும் ஒத்தே நிற்கும். மின்னழுத்தத்தால் சுருதியைக் கட்டுப்படுத்தும் பழைய விசிஓ கருவிகளைச் சூடேற விட்டு, ஒவ்வொரு குரலாகச் சுருதி பிடித்தவர்களுக்கு இந்த நிம்மதியின் அருமை தெரியும்.

எட்டுக் குரலும் அதன்பின் ஒன்றாகச் சேர்ந்து, ஒலியின் மேல் அதிர்வெண்களை வெட்டி நிறத்தை மாற்றும் ஒரே ஒரு ஃபில்டருக்குள் நுழைகின்றன. கோர்க்குக்காகவே செய்யப்பட்ட என்ஜேஎம்2069 என்ற அனலாக் சில்லு அது. இதே சில்லைப் பிறகு டிடபிள்யூ-8000 என்ற கோர்க் சிந்தசைசரில் குரலுக்கு ஒன்றாக வைத்தார்கள். இங்கே எல்லாருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. பாலி-800ஐப் பற்றி யார் என்ன சொன்னாலும், நல்லதும் கெட்டதும் கடைசியில் இந்த ஒன்றில்தான் வந்து முடியும்.

விளைவு இப்படி இருக்கும். இடது கையில் ஒரு கார்டைப் பிடித்துக்கொண்டு வலது கையில் மெட்டு வாசிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 46ஆம் எண்ணில் ‘மல்ட்டி’ இருந்தால், மெட்டின் ஒவ்வொரு சுரத்துக்கும் ஃபில்டர் புதிதாகத் திறந்து மூடும். பிடித்திருக்கும் கார்டும் சேர்ந்து ‘வாவ் வாவ்’ என்று திறந்து மூடும். ‘சிங்கிள்’ வைத்தால், எல்லா விசைகளையும் விட்டுவிட்டு மறுபடி தொடும்போது மட்டும் ஃபில்டர் புதிதாகத் தொடங்கும். அப்போது கார்டு அமைதியாக நிற்கும், ஆனால் மெட்டின் சுரங்களுக்குக் கடி இருக்காது. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும்.

இதோடு சண்டை போடாமல் வாசிக்க வழி இருக்கிறது. ஃபில்டரின் என்வலப் (சுரம் தொட்டதிலிருந்து அடங்கும்வரை நடக்கும் ஏற்ற இறக்கம்) அளவை, அதாவது 45ஆம் எண்ணை, 0 முதல் 4க்குள் வைத்துக்கொண்டு ஒலியின் உருவத்தை, அலைகளை உண்டாக்கும் ஆசிலேட்டர்களின் என்வலப்பால் செதுக்க வேண்டும். அந்த என்வலப்புகள் குரலுக்குத் தனித்தனியாகவே இயங்குகின்றன. ஒவ்வொரு சுரமும் தனியாக எழுந்து தனியாக அடங்கும். பொதுவாக இருப்பது ஃபில்டர் மட்டும்தான். கார்டுகளை ஒட்டுமொத்தமாகத் தாளத்தில் குத்தி வாசிக்கும்போது இந்தக் குறை கண்ணிலேயே படாது. எல்லாக் குரலும் ஒரே நேரத்தில் தொடங்குவதால் ஒரே ஃபில்டர் அங்கே போதும். சொல்லப்போனால் அந்த இடத்தில் ஒலி நன்றாகக் கட்டுக்கோப்பாக இருக்கும்.

ஆசிலேட்டர் பக்கத்தில் பலரும் தவறவிடும் ஒரு நுணுக்கம் உண்டு. அலைவடிவம் இரண்டு: 1 சதுரம், 2 சா-டூத் (ரம்பப்பல் வடிவம்). அதன் கீழே 16, 8, 4, 2 அடி என்று ஆர்கன் போல நான்கு சுவிட்சுகள் (எண் பாதியானால் ஓர் ஆக்டேவ் மேலே) இருக்கின்றன, 13 முதல் 16 வரையான எண்கள். சா-டூத் என்று பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பவை சதுர அலைகளே. நான்கு அடிகளையும் படிப்படியாகக் குறையும் அளவில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, படிக்கட்டு வடிவில் சா-டூத்தை உண்டாக்குகிறது. எனவே 12ஆம் எண்ணில் 2 வைத்துவிட்டு 16 அடியை மட்டும் திறந்தால் காதில் விழுவது வெறும் சதுர அலைதான். நான்கையும் திறந்தால்தான் சா-டூத் கிடைக்கும். “பாலி-800இல் தந்தி ஒலி மெலிந்து வருகிறது” என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

18ஆம் எண் ஒற்றை, இரட்டை முறையைத் தீர்மானிக்கிறது. ஒற்றையில் எட்டுக் குரல், குரலுக்கு ஓர் ஆசிலேட்டர். இரட்டையில் நான்கு குரல், குரலுக்கு இரண்டு ஆசிலேட்டர். உடம்பு வேண்டுமென்றால் இரட்டைதான். நான்கு சுரம் போதாது என்று தோன்றும் இடங்களில் கோரஸைப் போட்டு ஒற்றையிலேயே வாசிக்கலாம்.

கோர்க் இதில் வைத்த என்வலப்புக்கு ஆறு கட்டங்கள். அட்டாக், டீகே, பிரேக் பாயின்ட், ஸ்லோப், சஸ்டெயின், ரிலீஸ். ஒலி உச்சத்துக்கு ஏறி, டீகே வேகத்தில் பிரேக் பாயின்ட் அளவுக்கு வந்து, அங்கிருந்து ஸ்லோப் வேகத்தில் சஸ்டெயின் அளவை நோக்கிப் போகும். பிரேக் பாயின்ட்டும் சஸ்டெயினும் ஒன்றாக இருந்தால் வழக்கமான நான்கு கட்ட என்வலப் போலவே நடக்கும். பிரேக் பாயின்ட்டை 10க்கு இறக்கி, ஸ்லோப்பை 18, சஸ்டெயினை 28 என வைத்துப் பாருங்கள். சுரம் தொட்டதும் குத்தி, சட்டென்று அடங்கி, பின் மெல்ல மறுபடி எழும். ஊதும் கருவியில் மூச்சைக் கூட்டுவது போன்ற அந்த எழுச்சி, குமிழ் நிறைந்த விலையுயர்ந்த பழைய கருவிகள் பலவற்றிலும் கிடைக்காது. என்வலப் மொத்தம் மூன்று. 51 முதல் 56 வரை முதல் ஆசிலேட்டருக்கு, 61 முதல் 66 வரை இரண்டாவதற்கு, 71 முதல் 76 வரை ஃபில்டருக்கும் இரைச்சல் ஒலிக்கும்.

தொடங்குவதற்கு ஒரு தந்தி ஒலி. 18இல் 2. இரண்டு ஆசிலேட்டரும் நடு ஆக்டேவ், அலைவடிவம் 2, நான்கு அடியும் திறந்து, அளவு 28. 31ஆம் எண்ணான இடைவெளி 0, 32ஆம் எண்ணான டீட்யூன் (இரண்டுக்கும் இடையே சிறு சுருதி விலகல்) 2. ஃபில்டர் கட்-ஆஃப் (வெட்டத் தொடங்கும் இடம்) 58, ரெசனன்ஸ் (அந்த இடத்தை எடுத்துக்காட்டும் அளவு) 2, விசைத் தொடர்தல் 1, என்வலப் அளவு 3, ட்ரிகர் சிங்கிள். கோரஸ் 1. 51இலும் 61இலும் அட்டாக் 14, பிரேக் பாயின்ட்டும் சஸ்டெயினும் 31, ரிலீஸ் 19. இந்த அளவுகள் தொடக்கம்தான், உங்கள் ஸ்பீக்கருக்கு ஏற்பக் கட்-ஆஃபை நாலைந்து எண் கூட்டிக் குறையுங்கள். எண்பதுகளின் மெல்லிசைக் குழுக்களில் கேட்ட அந்த மினுமினுப்பான தந்திப் பின்னணி இதில் தயங்காமல் வரும்.

நம் இசைக்காரர்களுக்கு இதைவிடப் பயன்படும் ஒலி சுருதிப் பெட்டி. இரட்டை முறையில் 31ஆம் எண்ணை 7க்கு வையுங்கள். இரண்டாவது ஆசிலேட்டர் ஏழு அரைச்சுரம் மேலே போய்ப் பஞ்சமத்தில் நிற்கும். டீட்யூன் 0. முதலாவதில் 16 அடியும் 8 அடியும் திறந்தால் கீழ் ஸட்ஜமமும் மேல் ஸட்ஜமமும் கிடைக்கும், இரண்டாவதில் 16 அடி மட்டும் போதும், அளவையும் முதலாவதைவிடக் குறைத்துக்கொள்ளுங்கள். ஹோல்டு பொத்தானைத் தட்டிவிட்டு ஒரே ஒரு விசையைத் தொட்டால் ஸ-ப-ஸ நிற்காமல் ஒலிக்கும். ஒரு கட்டைக்காரருக்கு சி, ஐந்தரைக் கட்டைக்காரருக்கு ஜி ஷார்ப். மத்தியம சுருதி வேண்டுமானால் 7க்குப் பதில் 5. பஞ்சமம் சம இடைவெளிச் சுரவரிசையில் இருப்பதால் உண்மையான தம்புராவின் பஞ்சமத்தைவிட 2 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) தாழ்ந்திருக்கும். கோரஸ் போட்டால் அந்த அசைவில் அது மறைந்துவிடும். பஜனைக்கும் பயிற்சிக்கும் தாராளம், கச்சேரி மேடையில் நுண்காது உள்ளவர் கண்டுபிடிப்பார்.

இடப்பக்க ஜாயிஸ்டிக்கில் இடது வலது அசைவு சுருதியை வளைக்கும். மேலே தள்ளினால் அதிர்வு, கீழே இழுத்தால் ஃபில்டர் அசைவு. எவ்வளவு வளைய வேண்டும் என்பதற்குப் பக்கத்திலேயே குமிழ் இருக்கிறது. கமகத்துக்கு அதை இரண்டு அரைச்சுர அளவுக்குக் குறைத்துக்கொண்டால் விரல் கட்டுப்பாட்டில் நிற்கும், முழுதாகத் திருகிவைத்தால் தோடி காந்தாரம் எங்கேயோ போய்விடும்.

இனி மலேசியாவில் இதை வைத்துக்கொள்வதைப் பற்றி. இங்கே சந்தைக்கு வரும் பழைய சிந்தசைசர்களில் ஜப்பானிலிருந்து வந்தவை நிறைய. அவை 100 வோல்ட் கருவிகள். ஜூனோ-106, ஜேஎக்ஸ்-3பி போன்றவற்றின் ஜப்பானியப் பதிப்பை நம் 240 வோல்ட் சுவரில் நேரே செருகினால் மின்பகுதி கருகும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைக் கூடவே சுமக்க வேண்டும். பாலி-800க்கு இந்தத் தொல்லை இல்லை. 9 வோல்ட் டிசி அடாப்டர் போதும், எந்த நாட்டுப் பதிப்பானாலும் சரி. அடாப்டர் வாங்கும்போது பார்க்க வேண்டியவை மூன்று. முனையின் துருவம் கருவியின் பின்பக்கத்தில் சாக்கெட்டை ஒட்டி வரைந்திருக்கும் படத்தோடு ஒத்துப்போக வேண்டும். மாற்றிச் செருகினால் செலவுதான். மின்னழுத்தம் சீராக்கப்பட்ட 9 வோல்ட்டாக இருக்க வேண்டும், பழைய பாணி அடாப்டர்கள் சுமை இல்லாதபோது 13 வோல்ட் வரைகூடக் காட்டும், மல்ட்டிமீட்டரில் அளந்துவிட்டுச் செருகுங்கள். மூன்றாவது இரைச்சல். மலிவான ஸ்விட்சிங் அடாப்டர்களில் ஒரு மெல்லிய ‘ஈ’ ஒலி கோரஸின் வழியாகக் கேட்கும். 1 ஆம்ப் தரும் நல்ல அடாப்டர் ஒன்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்தால் இந்தப் பிரச்சினை வராது.

அடாப்டரே இல்லாமலும் ஓடும். ஆறு சி அளவு பேட்டரி போட்டு, இரு முனைகளிலும் உள்ள கொக்கியில் கிட்டார் வார் மாட்டித் தோளில் தொங்கவிடலாம். பத்துமலையிலும் பினாங்கு தண்ணீர்மலையிலும் காவடிக்குப் பின்னால் நடந்தபடி பாடும் குழுக்களுக்கு, பேட்டரி ஸ்பீக்கர் ஒன்றோடு சேர்த்தால் ஜெனரேட்டரை நம்ப வேண்டியதில்லை. ஆனால் மழைக்குக் கண்டிப்பாக உறை வேண்டும். ஜாயிஸ்டிக்கைச் சுற்றியுள்ள திறப்பு வழியாகத் தண்ணீர் நேரே பலகைக்கு இறங்கிவிடும். ஊர்வலம் முடிந்ததும் பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள். உள்ளேயே விட்டால் கசிந்து, சுருள் கம்பிகளைத் தின்றுவிடும். அல்கலைன் கசிவு வெள்ளைப் பொடியாகப் படிந்திருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காய விட வேண்டும். கம்பி பச்சை பிடித்து இற்றிருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

நம் ஈரக் காற்றில் இக்கருவிக்கு முதலில் கெடுவது விசைகளின் தொடுமுனை. ஒவ்வொரு விசைக்கும் கீழே ஒரு ரப்பர் குமிழ், அதன் அடியில் கரும் கார்பன் புள்ளி. விசையை அழுத்தினால் அந்தப் புள்ளி பலகையின் இரு கோடுகளை இணைக்கும். தூசும் ஈரமும் படிந்தால் சில சுரம் வராது, சில சுரம் அழுத்தினால்தான் வரும். “உள்ளே ஐசி போய்விட்டது” என்று பயந்து விற்பவர்களும் உண்டு, அதைக் குறைந்த விலைக்கு வாங்கிச் சுத்தம் செய்து கொள்பவர்களும் உண்டு.

சுத்தம் செய்ய ஒரு மாலை நேரம் ஒதுக்குங்கள். மின்சாரத்தையும் பேட்டரியையும் நீக்கிவிட்டு, மெத்தைத் துணி மேல் கருவியைக் கவிழ்த்து, அடித்தகட்டின் திருகுகளைக் கழற்றுங்கள். எந்தத் திருகு எங்கே என்று ஓர் அட்டையில் குத்திவைத்தால் பூட்டும்போது குழப்பம் வராது. நாற்பது வயதைத் தாண்டிய பிளாஸ்டிக் என்பதால் பூட்டும்போது மின்திருகியைப் பயன்படுத்தாதீர்கள், கையால் மெல்ல இறுக்கினால் போதும். இணைப்பு வயர்களின் படத்தை ஃபோனில் எடுத்துக்கொண்டு, விசைப்பலகைத் தொகுதியைத் தனியே எடுத்து, தொடுமுனைப் பலகையை விடுவித்தால் ரப்பர் பட்டைகள் தெரியும். 99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் நனைத்துப் பலகையின் கோடுகளைத் துடையுங்கள். குச்சி கறுப்பாக வரும், வெள்ளையாக வரும்வரை குச்சியை மாற்றிக்கொண்டே இருங்கள். ரப்பரிலுள்ள கார்பன் புள்ளிகளை உலர்ந்த, நூல் உதிராத துணியால் ஒரேயொரு முறை ஒற்றி எடுங்கள். தேய்த்தால் கார்பன் பெயர்ந்து வந்துவிடும், பிறகு புதுப் பட்டைதான். இந்தக் கருவிக்கான புதுப் பட்டைகள் வெளிநாட்டு உதிரிபாகக் கடைகளில் இன்றும் கிடைக்கின்றன.

பட்டையைத் திரும்பப் பொருத்துவதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். பட்டையின் அடியில் சின்னச் சின்ன ரப்பர் முளைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் பலகையின் துளைக்குள் முழுதாக இறங்கி உட்கார வேண்டும். விரலால் அழுத்தினால் இறங்காது. முனை மழுங்கிய பல்குச்சியால் ஒவ்வொரு முளையாகக் குத்தி இறக்குங்கள். ஒரு முளை பாதியில் நின்றாலும் அந்த இடத்தில் பட்டை மேடாகி, பக்கத்து இரண்டு விசைகள் தொடாமலேயே ஒலிக்கும், அல்லது எவ்வளவு அழுத்தினாலும் ஒலிக்காது. மூடுவதற்கு முன் மின்சாரம் கொடுத்து 49 விசையையும் ஒன்றொன்றாகத் தட்டிப் பாருங்கள். திறந்த கையோடு உள்ளே ஒரு முறை டார்ச் அடித்துப் பார்ப்பதும் நல்லது. நம்மூரில் நெடுநாள் கிடந்த கருவிகளுக்குள் கரப்பான் முட்டையும் காய்ந்த பல்லியும் அபூர்வமல்ல, பலகையில் அவை விட்டுப்போகும் ஈரம் செப்புக் கோட்டை அரித்துவிடும்.

மேல் பலகைப் பொத்தான்கள் அடுத்த தொல்லை. ஒருமுறை தட்டினால் இருமுறை பதிவது, அல்லது நகம் வெளுக்க அழுத்தினால்தான் பதிவது. எண்ணைத் தட்டித்தான் எல்லா வேலையும் நடக்க வேண்டிய கருவியில் இது பெரிய இடைஞ்சல். பழைய சுவிட்சின் உயரத்தை அளந்துகொண்டு கோலாலம்பூர் ஜாலான் பசார் மின்னணுக் கடைகளுக்குப் போனால் அதே உயரத்தில் சுவிட்சு சில சென்னுக்குக் கிடைக்கும். கெட்டதை மட்டும் மாற்றாமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுங்கள், மிச்சமும் அதே வயதுதானே. ஜாயிஸ்டிக் நடுவில் நிற்காமல் சுருதி சற்று விலகி நின்றால் உள்ளேயுள்ள பொட்டென்ஷியோமீட்டரில் காண்டாக்ட் கிளீனர் ஒரு துளி விட்டுப் பலமுறை அசைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

நினைவுப் பேட்டரி தனி விஷயம். மின்சாரம் இல்லாதபோது 64 ஒலிகளையும் காப்பாற்றுவது உள்ளே பலகையில் சோல்டர் செய்த 3 வோல்ட் லித்தியம் பேட்டரி. அது இறந்தால் கருவியை அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் ஒலிகள் குப்பையாகும். அளந்து பார்க்கும்போது 2.7 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் காத்திருக்காதீர்கள். பழையதைக் கழற்றி அதே இடத்தில் புதியதைச் சோல்டர் செய்வது வேண்டாம். பேட்டரியின் மேல் நேரே சூடு வைப்பது ஆபத்து. சிஆர்2032 ஹோல்டர் ஒன்றை இரு வயரோடு சோல்டர் செய்து, கூடு மேல் இருபக்க நுரை ஒட்டுப்பட்டையால் ஒட்டிவிட்டால், அடுத்த முறை திருகைக் கழற்றி பேட்டரியை உருவிப் போடும் வேலையோடு முடிந்துவிடும். கூட்டலும் கழித்தலும் பழைய துளைகளோடு ஒத்திருக்கிறதா என்பதை மட்டும் இரண்டு தரம் பாருங்கள்.

பேட்டரியை எடுத்த நொடியே ஒலிகள் போய்விடும் என்பதால் முன்னேற்பாடு தேவை. அந்தக் காலத்தில் கேசட்டில் பதிந்தார்கள். இப்போது அதே டேப் சாக்கெட்டிலிருந்து கணினியில் பதிந்துகொள்ளலாம். கோர்க்கின் தொழிற்சாலை ஒலிகளும் ஆடியோ கோப்பாக இணையத்தில் கிடைக்கின்றன. திரும்ப ஏற்றும்போது பிழை காட்டினால் பெரும்பாலும் காரணம் ஒலி அளவு. ஃபோனில் முக்கால் அளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், மொத்தமாகக் கூட்டினால் அலை முனை வெட்டுப்பட்டு மறுபடி பிழைதான். ஈக்வலைசரை அணையுங்கள், ஃபோனை விமானப் பயன்முறையில் போடுங்கள், எம்பி3 கோப்பை விட்டுவிட்டு வேவ் கோப்பையே இசையுங்கள். எம்பி3 சுருக்கத்தில் தரவுத் துடிப்புகள் சிதையும். ஏற்றும் முன் பின்பக்கத்திலுள்ள டேப் சுவிட்சும் எழுதும் சுவிட்சும் திறந்திருக்க வேண்டும், முடிந்ததும் எழுதும் சுவிட்சை மூடிவிடுங்கள். மேடையில் தவறுதலாக ஒரு பொத்தான் பட்டு நல்ல ஒலி அழிவது அதனால்தான் தடுக்கப்படுகிறது.

மிடியைப் பற்றி அதிகம் எதிர்பார்க்காதீர்கள். சுரங்களும் ஒலி எண் மாற்றமும் போகும் வரும். ஒலியின் உள்ளளவுகள் மிடி வழியாகப் போகாது, கணினியிலிருந்து திருத்தவும் முடியாது. அதன்பின் வந்த பாலி-800 இரண்டாம் பதிப்பில் அந்த வசதி உண்டு. அதில் கோரஸை எடுத்துவிட்டு எதிரொலி தரும் டிஜிட்டல் டிலேயும் ஈக்வலைசரும் வைத்தார்கள். எங்கள் காதுக்கு முதல் பதிப்பின் கோரஸ்தான் உயர்வு. தந்திக்கும் ஆர்கனுக்கும் அந்த அகலம் டிலேயில் வராது. கணினியோடு வேலை செய்பவர் மட்டும் இரண்டாம் பதிப்பைத் தேடலாம். முதல் பதிப்பிலேயே அந்த வசதியைச் சேர்க்கும் ஹாக்-800 என்ற மாற்றுப் பலகையும் இருக்கிறது, ஆனால் சோல்டரிங்கில் நல்ல பழக்கம் உள்ளவருக்குத்தான் அது.

ஃபில்டரின் கட்-ஆஃபையும் ரெசனன்ஸையும் திருகக் குமிழ் வைக்கும் மாற்றம் பிரபலமானது, ‘மூக் ஸ்லேயர்’ என்ற பெயரில் உலவுகிறது. எண் தட்டி மாற்றும்போது கட்-ஆஃப் படிப்படியாகக் குதிக்கும், குமிழில் வழுக்கிக்கொண்டு போகும். அந்த ஒரே ஃபில்டரை அப்போதுதான் ஒரு வாத்தியமாக வாசிக்க முடிகிறது. இப்படி மாற்றிய கருவியை யாராவது விற்றால் தயங்காமல் பாருங்கள், ஆனால் துளை போட்ட இடமும் சோல்டரும் சுத்தமாக இருக்கிறதா என்று உள்ளே திறந்து காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள்.

மற்றவற்றோடு ஒப்பிடுவதானால், ஜூனோ-106இல் ஆறு குரலுக்கும் ஆறு ஃபில்டர். ஒலியில் அது ஒரு படி மேலே என்பதில் வாதமே இல்லை. ஆனால் அதன் 80017ஏ என்ற குரல் சில்லுகள் மேலே பூசிய பிசினால் காலப்போக்கில் கெடுபவை, ஆறையும் மாற்றும் செலவைச் சேர்த்துத்தான் அதன் விலையைக் கணக்கிட வேண்டும். கோர்க் பாலிசிக்ஸ் 1981இல் வந்தது, உண்மையான விசிஓ, அருமையான ஒலி. அதன் நினைவுப் பேட்டரி கசிந்து பலகையையே அரித்த கருவிகள் ஏராளம், பலகையைப் பார்க்காமல் வாங்கக்கூடாது. ரோலண்டு ஆல்ஃபா ஜூனோ-1 தான் பாலி-800க்கு நேர்ப் போட்டி. 1985ஆம் ஆண்டுக் கருவி, ஆறு குரல், குரலுக்கு ஒரு ஃபில்டர். இரண்டும் ஒரே விலைக்கு எதிரெதிரே இருந்தால், வீட்டில் உட்கார்ந்து பதிவு செய்பவர் ஆல்ஃபா ஜூனோவை எடுக்கட்டும். பேட்டரியில் ஓட வேண்டும், தோளில் தொங்க வேண்டும், சுருதிப் பெட்டியாகவும் உதவ வேண்டும் என்பவருக்குப் பாலி-800.

விலையில் எங்கள் கணக்கு இது. எல்லா விசையும் பொத்தானும் ஒழுங்காக இருந்து, நினைவுப் பேட்டரியும் மாற்றியிருந்தால் 1,500 வெள்ளி வரை கொடுக்கலாம். விசைகள் சுத்தம் செய்ய வேண்டிய நிலையில் இருந்தால் அதில் பாதி. 2,000 வெள்ளியைத் தாண்டிக் கேட்டால், 2016இல் வந்த கோர்க் மினிலாக்கைப் பயன்படுத்திய நிலையில் தேடுவதே புத்தி. நான்கு குரலுக்கும் தனித்தனி ஃபில்டர், உண்மையான விசிஓ, நிறையக் குமிழ். விசைகள் மட்டும் சிறியவை, எண்ணிக்கையும் 37தான். ஜப்பானிலிருந்து தருவிப்பவர்கள் அனுப்பும் செலவையும் வரியையும் கூட்டிய பிறகே இந்த வரம்போடு ஒப்பிட வேண்டும்.

முடா, கரோசல் போன்ற இணைய விற்பனைத் தளங்களில் விளம்பரம் பார்த்து விற்பவர் வீட்டுக்கோ, சனி ஞாயிறுகளில் பெட்டாலிங் ஜெயா ஆம்கோர்ப் மால் பழம்பொருள் சந்தைக்கோ, பினாங்கு லோரோங் குலிட்டுக்கோ போகும்போது, இயர்ஃபோனும் அதற்கான பெரிய முனையும் ஆறு சி பேட்டரியும் பையில் இருக்கட்டும். மின்சாரம் இல்லாத சந்தையிலும் சோதிக்கலாம், பேட்டரிப் பெட்டியின் கம்பிகள் நல்லவையா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். போட்டதும் 49 விசை. பிறகு 18இல் 1 வைத்து, ரிலீஸை நீட்டிக்கொண்டு ஒரே விசையை எட்டு முறை தட்டுங்கள், எட்டுக் குரலும் மாறி மாறி வரும். அவற்றில் ஒன்று மட்டும் ஊமையாகவோ கரகரப்பாகவோ இருந்தால் அந்த ஆசிலேட்டர் சில்லின் பக்கத்தில் கோளாறு, இது விசையைத் துடைத்துத் தீராது, வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அடுத்து கட்-ஆஃபை 0இலிருந்து 99 வரை ஏற்றிப் பாருங்கள். 0இல் ஒலி ஏறக்குறைய அடைபட வேண்டும், போகப்போக மூச்சுத் திறப்பது போல் வெளிச்சமாக வேண்டும். எவ்வளவு ஏற்றினாலும் மாறவில்லை என்றால் ஃபில்டர் போயிருக்கலாம். எட்டுக் குரலுக்கும் அது ஒன்றுதான் என்பதால், விலை எவ்வளவு குறைந்தாலும் அந்தக் கருவியை உதிரிபாகத்துக்கு மட்டுமே வாங்குங்கள். கோரஸை 48இல் போட்டு நிறுத்தி, இயர்ஃபோனில் இரு காதிலும் ஒலி வருகிறதா பாருங்கள். கடைசியாக ஒரு ஒலியைத் திருத்தி எழுதி, அணைத்து, ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். எழுதியது நிற்கவில்லையென்றால் நினைவுப் பேட்டரி மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.